“நீங்க போயிட்டு வாங்க, நான் இங்கேயே இருக்கேன்”: 72 வயதில் முதல் தீம் பார்க் பயணம் – ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

முட்டி வலிக்காக என்னிடம் உடற்பயிற்சிக்கு வந்துகொண்டிருந்த 72 வயதுப் பாட்டி ஒருவர், முதல்முறையாகக் குடும்பத்தோடு தீம் பார்க் போய்வந்ததைப் பற்றிய பதிவு இது. நான் பிசியோதெரபிஸ்ட். போவதற்கு முன் குடும்பத்தினர் என்னிடம் யோசனை கேட்டார்கள். போய்வந்த பிறகு பாட்டி, மகன், மருமகள், பேத்தி நால்வரிடமும் தனித்தனியாகப் பேசி, நடந்ததைக் குறித்துக்கொண்டேன். அவர்கள் சம்மதத்துடன் எழுதுகிறேன். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

மகன், மருமகள், 14 வயதுப் பேத்தி, 7 வயதுப் பேரன், பாட்டி என மொத்தம் ஐந்து பேர். பாட்டிக்கு இரண்டு முட்டியிலும் தேய்மானம், வலது பக்கம் கூடுதல். ரத்த அழுத்தத்துக்கு இரண்டு மாத்திரை சாப்பிடுகிறார்; ஒன்று நீர் பிரிய வைக்கும் வகை. இடது கண்ணில் புரை அறுவை முடிந்திருந்தது, வலது கண்ணுக்கு இன்னும் செய்யவில்லை. சர்க்கரையோ இதயக் கோளாறோ கிடையாது. சமதரையில் நிற்காமல் இருபது நிமிடம் நடப்பார். ஒரே இடத்தில் பத்து நிமிடம் நின்றால் மட்டும் முட்டி கடுக்கும் என்பார்.

இந்தக் கடைசி வரிதான் முக்கியமானது. தீம் பார்க் என்றதும் குடும்பங்கள் பயப்படுவது சவாரிகளைப் பார்த்து. ஒரு சவாரி இரண்டு, மூன்று நிமிடம்தான். மீதி நேரமெல்லாம் வரிசையில் நிற்பது, அடுத்த இடத்துக்கு நடப்பது, வெயிலில் காத்திருப்பது. வயதானவரின் தெம்பு கரைவது அங்கேதான்.

குடும்பம் முதலில் போட்ட திட்டம் எளிமையானது. நுழைவாயில் பக்கம் நிழலாக ஒரு பெஞ்சு பார்த்துப் பாட்டியை உட்கார வைப்பது, பைகளை அவரிடம் விடுவது, ஒருவர் மாற்றி ஒருவர் வந்து எட்டிப்பார்ப்பது. கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. பாட்டியும் ஒத்துக்கொண்டிருந்தார். “எனக்கென்ன, நீங்க போயிட்டு வாங்க. நான் இங்கேயே உட்கார்ந்திருக்கேன்.” நம் வீடுகளில் இதைக் கேட்காதவர் யார்? அதை அப்படியே அவருடைய விருப்பம் என்று எடுத்துக்கொள்வது எல்லோருக்கும் வசதி. என் அனுபவத்தில் பாதி நேரம் அது பயம். மீதி நேரம், பிள்ளைகளுக்குத் தொந்தரவு ஆகிவிடக் கூடாதே என்ற தயக்கம்.

மகனும் மருமகளும் வெளியே இருந்தபோது பாட்டியிடம் தனியாகக் கேட்டேன். பயங்கள் மூன்று. கூட்டத்தில் பிரிந்துவிட்டால் என்ன செய்வது. அவசரத்துக்குப் பாத்ரூம் எங்கே இருக்கும். தன்னால் குழந்தைகளுக்கு நேரம் வீணாகுமோ. ஆசைகள் என்று கேட்டதும் கொஞ்சம் வெட்கப்பட்டார். பூங்காவைச் சுற்றி ரயில் ஓடுமாமே, அதில் போக வேண்டும். அப்புறம், பேத்தி ரோலர் கோஸ்டரில் கத்துவதை நேரில் பார்க்க வேண்டும். பெஞ்சுத் திட்டத்தில் இந்த இரண்டுக்குமே இடம் இல்லை.

போகும் முன் எடுத்த முடிவுகள்

மாத்திரையிலிருந்து தொடங்கினோம். வெளியூர்ப் பயணம் என்றால் பெரியவர்கள் பலர் செய்வதையே இவரும் யோசித்து வைத்திருந்தார்: நீர் மாத்திரையை அன்றைக்கு விட்டுவிடுவது, தண்ணீரையும் குறைத்துக்கொள்வது. வயது ஏற ஏறத் தாக உணர்வே மங்கும். வியர்த்து உடம்பைக் குளிர வைக்கும் திறனும் குறையும். வெயிலில் ஒரு முழு நாள் இருக்கப்போகிறவர் தண்ணீரைக் குறைப்பது வம்பை விலைக்கு வாங்குவது. மருத்துவரிடம் கேட்கச் சொன்னேன். மாத்திரையை விடவே கூடாது என்றவர், வழக்கமான எட்டு மணிக்குப் பதிலாக அன்று விடியற்காலை ஐந்து மணிக்கே போட்டுக்கொள்ளச் சொன்னார். பூங்கா போய்ச் சேர்வதற்குள் அதன் வேகம் பெரும்பாலும் அடங்கிவிடும் என்பது கணக்கு. இது இவருடைய மாத்திரையையும் அழுத்தத்தையும் பார்த்துச் சொன்னது. மற்றவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் நேரத்தை மாற்ற வேண்டாம்.

தண்ணீருக்கு ஒரு சின்ன ஏற்பாடு. தாகம் எடுத்தால் குடிப்பது என்று வைத்தால் குடிக்கவே மாட்டார். எனவே ஒவ்வொரு சவாரி முடிந்ததும் நான்கைந்து மடக்கு என்று வைத்தோம். நினைவுபடுத்தும் பொறுப்பு பேரனுடையது. ஏழு வயதுக்காரர்கள் இந்த மாதிரி வேலையை விடாப்பிடியாகச் செய்வார்கள்.

வீல்சேர்தான் பெரிய சிக்கல். “நான் என்ன நோயாளியா?” என்று கேட்டார். வாக்குவாதம் செய்தால் எடுபடாது என்று தெரியும். வீல்சேரைப் பைகள் வைக்கும் வண்டியாக எடுத்துக்கொள்ளலாம், நீங்களே தள்ளிக்கொண்டு வாருங்கள் என்றேன். அதற்குச் சரி என்றார். கைப்பிடியைப் பிடித்துத் தள்ளும்போது முட்டிக்குக் கொஞ்சம் ஆதாரம் கிடைக்கும், வேண்டும்போது உட்காரவும் ஆகும். ஆனால் வீல்சேர் நடைவண்டி ஆகாது. சறுக்கில் தானாக ஓடப் பார்க்கும், பாரம் குறைவாக இருந்தால் முன்னே இழுத்துவிடும். அதனால் சறுக்கு வந்தால் மகன் வாங்கிக்கொள்ள வேண்டும், ஆள் உட்கார்ந்த பிறகு செங்குத்தான இடத்தில் பின்பக்கமாக இறக்க வேண்டும், உட்காரும்போதும் எழும்போதும் இரண்டு பிரேக்கும் போட்டிருக்க வேண்டும், காலை மிதிபலகையில் ஊன்றி எழக்கூடாது என்றெல்லாம் இங்கேயே செய்துகாட்டினேன்.

படிக்கட்டுக்கு, ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில் என்பது அவருக்குப் பழகியிருந்தது. அவரோடு வருகிறவர்களுக்கும் அதைச் சொல்லிக்கொடுத்தேன். கைகொடுக்கிறேன் என்று தவறான காலுக்கு இழுப்பவர்கள் அதிகம்.

சவாரித் தேர்வைப் பேத்தி எடுத்துக்கொண்டாள். பார்வையாளர்கள் எடுத்துப் போட்டிருந்த வீடியோக்களைப் பாட்டியோடு உட்கார்ந்து பார்த்து, நோட்டில் கட்டம் போட்டாள். சுற்றுமா, விழுமா, இருட்டா? மூன்றாவது கட்டத்துக்குப் பக்கத்தில் நான் நான்காவதாக ஒன்றைச் சேர்த்தேன்: எப்படி ஏறுவது, எப்படி இறங்குவது? சவாரி எவ்வளவு மெதுவாகப் போனாலும், ஆடும் படகுக்குள் முழங்கால் உயரத்துக்கு இறங்க வேண்டும் என்றால் பாட்டிக்கு அதுதான் கடினமான பகுதி.

பெரிய கோஸ்டர்களை முதலிலேயே விலக்கினோம். வளைவுகளில் உடம்பின் எடை மூன்று, நான்கு மடங்காக அழுத்தும். கழுத்துக்கும் முதுகுக்கும் அது நல்லதல்ல. ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஜெர்மனியின் மான்ஹைம் நகர மருத்துவர்கள் கோஸ்டரில் ஏறிய ஆரோக்கியமானவர்களின் இதயத்துடிப்பை அளந்து, 2007-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். சராசரித் துடிப்பு நிமிடத்துக்கு 150-ஐ ஒட்டிப் போயிருந்தது. உடம்பு உழைத்து ஏறிய துடிப்பில்லை அது. உட்கார்ந்த இடத்தில் பயத்தாலும் பரபரப்பாலும் ஏறியது. இளம் இதயம் அதைத் தாங்கும். கோஸ்டர் வாசலில் இதய நோய், உயர் ரத்த அழுத்தம், கழுத்து முதுகுப் பிரச்சினை, சமீபத்திய அறுவை என்று எழுதிவைத்திருக்கும் பலகையை யாரும் படிப்பதில்லை. பாட்டிக்காகப் படிக்கச் சொன்னேன்.

பிரிந்துபோகும் பயத்துக்கு, மகனின் எண் எழுதிய அட்டை சட்டைப்பைக்குள்ளும், போன் கழுத்தில் தொங்கும் சின்னப் பைக்குள்ளும். பூங்கா இசையில் மணி கேட்காது என்பதால் அதிர்வை முழுமையாக வைத்தார்கள். பழைய, கால் பழகிய செருப்பு. விடுமுறை அல்லாத ஒரு வார நாள்.

காலை: குடை ராட்டினம்

திறக்கும் நேரத்துக்கே போய்விட்டார்கள். வரைபடத்தை வாங்கியதும் மருமகள் செய்த முதல் காரியம், பாத்ரூம்களைப் பேனாவால் வட்டமிட்டுப் பாட்டியிடம் காட்டியது. “இவ்வளவு இருக்கா அத்தை, பாருங்க.” அதன் பிறகு அந்தப் பேச்சே வரவில்லை என்று மருமகள் சொன்னார்.

முதல் சவாரிக்குக் குடும்பம் தேர்ந்தெடுத்தது குடை ராட்டினம். குதிரை பொம்மைகள் மெதுவாகச் சுற்றும், குழந்தைகள் ஏறுவது, ஆபத்தில்லாதது. நோட்டில் ‘சுற்றுமா’ என்ற கட்டத்தில் ‘மெதுவாக’ என்று பேத்தி எழுதியிருந்தாள். பாட்டியால் குதிரையில் கால் தூக்கிப் போட முடியாது என்பதால் நிலையான பெஞ்சு இருக்கையில் பேரனோடு உட்கார்ந்தார். ஓடியபோது சிரித்துக்கொண்டே இருந்தாராம். நின்றதும் எழுந்து ஓரடி வைத்தார், உலகம் பக்கவாட்டில் சாய்ந்தது. பக்கத்துக் கம்பியைப் பிடித்துவிட்டார். ஊழியர் ஓடிவந்து தாங்கினார்.

காதுக்குள் இருக்கும் அரைவட்டக் குழாய்களில் திரவம் நிறைந்திருக்கிறது. ஒரே வேகத்தில் சுற்றிக்கொண்டே இருந்தால் கொஞ்ச நேரத்தில் திரவமும் குழாயோடு சேர்ந்து ஓடத் தொடங்கிவிடும். மூளைக்குச் சுற்றும் உணர்வே மங்கிவிடும். சவாரி நின்றாலும் திரவம் உடனே நிற்காது. வாளித் தண்ணீரைக் கையால் சுழற்றிவிட்டுக் கையை எடுத்தாலும் அது சுற்றுவதைப் போல. அந்தச் சில நொடிகள் மூளை எதிர்ப்பக்கம் சுற்றுவதாக நினைக்கும். இளையவர்கள் கண்ணையும் பாத உணர்வையும் வைத்துச் சமாளித்துவிடுவார்கள். ஒரு கண்ணில் புரையோடு, முட்டி பலமில்லாமல் இருப்பவருக்கு அந்த உதவி குறைவு. ஆகவே மெதுவாகச் சுற்றும் சவாரியானாலும், ஆபத்தான நேரம் அது நின்ற பிறகு வரும் முதல் அரை நிமிடம்.

முதலுதவி அறைக்கு அழைத்துப் போனார்கள். அங்கே ரத்த அழுத்தம் பார்த்தார்கள், அவருடைய வழக்கமான அளவுதான். கடும் தலைவலி, நெஞ்சுவலி, பேச்சுக் குழறல், ஒரு பக்கம் பலம் குறைவது எதுவும் இல்லை. இதில் ஒன்று இருந்திருந்தாலும் நேராக மருத்துவமனை என்று முன்பே பேசி வைத்திருந்தோம். பாட்டியை உட்கார வைத்து, தூரத்தில் அசையாத ஒரு கட்டடத்தைப் பார்க்கச் சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுத்தார்கள். இருபது நிமிடத்தில் தெளிந்துவிட்டார்.

தெளிந்தது தலை மட்டும். “நான்தான் சொன்னேன்ல, இதெல்லாம் எனக்கு எதுக்கு” என்று சொல்லிவிட்டுப் பெஞ்சில் அமர்ந்துகொண்டார். குடும்பமும் கிட்டத்தட்டப் பழைய திட்டத்துக்கே திரும்பியது.

வாசல் ஒன்று, வெளிவழி வேறு

அடுத்து நடந்தது நிலைமையை இன்னும் மோசமாக்கியது. பக்கத்தில் ஒரு நீர்ச் சவாரி. அதன் நுழைவாயில் எதிரே பாட்டியை உட்கார வைத்து, “இங்கேயே இருங்க, பத்து நிமிஷத்துல வந்துடுவோம்” என்று நான்கு பேரும் உள்ளே போனார்கள். பெரும்பாலான பூங்காக்களில் ஏறும் இடமும் வெளியே வரும் இடமும் வேறு வேறு. வெளிவழி ஒரு பொம்மைக் கடைக்குள் போய் மறுபக்கம் திறக்கும். அப்படித்தான் அங்கேயும். நனைந்த துணியைப் பிழிந்து, எடுத்த போட்டோவைப் பார்த்து, சுற்றிக்கொண்டு வருவதற்குள் நேரம் போய்விட்டது. பாட்டி அதே வாசலைப் பார்த்தபடி இருந்தார். உள்ளே போனவர்கள் திரும்பி வரவே இல்லை, புதிய ஆட்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள். போன் எடுக்கலாம் என்றால், நனையக்கூடாது என்று அவர்கள் போன்களை லாக்கரில் வைத்திருந்தார்கள்.

பேத்திதான் முதலில் பார்த்தாள். பாட்டி எழுந்து நின்று, இரண்டு கையாலும் வீல்சேரின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, போகிற ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். அழவில்லை. மகன் நெருங்கியதும், “உள்ள போனா வரமாட்டீங்களா?” என்று மட்டும் கேட்டிருக்கிறார்.

அங்கேயே இரண்டு விதிகளை மகன் வைத்தார். பாட்டியை இனி வெளிவழிப் பக்கம்தான் உட்கார வைப்பது. அது எங்கே என்று ஊழியரிடம் கேட்டுவிட்டுத்தான் உள்ளே போவது. நான்கு பேரும் ஒரே நேரத்தில் உள்ளே போவதில்லை. சின்னக் குழந்தையோடு வரும் பெற்றோர் ஒருவர் மாற்றி ஒருவர் வரிசையில் மறுபடி நிற்காமல் ஏறுவதற்குப் பல பூங்காக்களில் ஏற்பாடு இருக்கும். அதைக் கேட்டுப் பார்த்தார்கள், கிடைத்தது. இந்த ஏற்பாட்டைக் கேட்டால்தான் சொல்வார்கள்.

ரயிலை முன்னுக்குக் கொண்டுவந்தது

மதியம் பதினொன்றரைக்கே சாப்பிட்டார்கள். கூட்டத்துக்கு முன் சாப்பிடுவது, வரிசையில் நிற்கும் நேரத்தை மிச்சப்படுத்த எளிதான வழி.

சாப்பிடும்போது மருமகள் எடுத்த முடிவுதான் அந்த நாளைத் திருப்பியது என்று நினைக்கிறேன். திட்டப்படி ரயில் கடைசியில். களைத்துப்போன பின் உட்கார்ந்து சுற்றிவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று வைத்திருந்தார்கள். மருமகள் அதை உடனே எடுத்தார். “அத்தைக்குப் பிடிச்சது ஒண்ணு, அதை ஏன் கடைசிக்கு வைக்கணும்?”

ரயில் ஒரு விதத்தில் எனக்கே பாடமாக இருந்தது. நான் அதை ஓய்வாக மட்டும் கணக்கிட்டிருந்தேன். பாட்டிக்கு அது வரைபடம். பூங்காவை ஒரு முறை சுற்றி வந்தபோது எது எங்கே இருக்கிறது, எது உயரம், எதில் ஆட்கள் கத்துகிறார்கள், எதில் சும்மா உட்கார்ந்து போகிறார்கள் என்பதையெல்லாம் தன் கண்ணால் பார்த்துக்கொண்டார். தாளில் அச்சடித்த வரைபடம் அவருக்குப் புரிந்திருக்கவில்லை. சுற்று முடிந்ததும் இறங்க மறுத்துவிட்டு இரண்டாவது சுற்றும் போனார். அந்தச் சுற்றில் கையை நீட்டிக் காட்டத் தொடங்கினார். அந்தப் படகு போகலாம். அந்தப் பெரிய ராட்டினம், அது இருட்டினதும். அது என்ன, அதில் வேண்டாம்.

அதுவரை எல்லாத் தேர்வும் அவருக்காகப் பிறர் செய்தவை. நோட்டில் போட்ட கட்டம்கூட, அவரும் உட்கார்ந்து பார்த்தார் என்றாலும், பேத்தியின் பட்டியல்தான்.

படகு, இருட்டு, கண்

படகுச் சவாரி ஒரு குகைக்குள் போவது. வெயிலிலிருந்து உள்ளே நுழைந்ததும் பாட்டிக்கு எதுவும் தெரியவில்லை. வயதானால் கண்மணி சின்னதாகிவிடும், கண்வில்லை மங்கும். 60 வயதில் விழித்திரைக்குப் போகும் வெளிச்சம் 20 வயதில் போவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு என்பார்கள். இருட்டுக்குப் பழகவும் அதிக நேரம் ஆகும். இதற்காக வெளியில் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார், வரிசையில் நிழல் வந்ததும் கழற்றினார். பேரன் முன்னால் நடக்க, அவன் தோளில் கை. ஓரமாக நின்று பின்னால் இருந்தவர்களை முன்னே விட்டார்கள். கண் பழகிய பிறகே நகர்ந்தார்கள்.

படகில் ஏறுவதைப் பேத்தி விவரமாகச் சொன்னாள். ஊழியரிடம் மகன் முன்கூட்டியே பேசினார்; படகைக் கொஞ்சம் நேரம் நிறுத்திவைக்க முடியும் என்றார்கள். முதலில் மகன் உள்ளே இறங்கி எதிரே நின்றார். பாட்டி கரையில் உட்காருவது போலக் குனிந்து, கைப்பிடிக் கம்பியைப் பிடித்து, வலிக்கிற வலது காலை முதலில் உள்ளே வைத்தார். மகன் கையை இழுக்கவில்லை. முன்கையை நீட்டி, அவர் பிடித்துக்கொள்ளும்படி வைத்திருந்தார். இதை இங்கே சொல்லக் காரணம் உண்டு. வயதானவரின் கையைப் பிடித்து இழுத்தால் அவருடைய சமநிலை நம் கைக்குப் போய்விடும். நம் கையை அவர் பிடித்தால் அது அவரிடமே இருக்கும்.

குகைக்குள் என்ன இருந்தது என்று பாட்டியிடம் கேட்டேன். பொம்மைகள் எல்லாம் பரவாயில்லை, தண்ணீர்ச் சத்தமும் குளிர்ச்சியும்தான் நன்றாக இருந்தது என்றார்.

வெயில் ஏறிய நேரத்தில் குளிரூட்டிய அரங்கில் முப்பரிமாணப் படம் பார்த்தார்கள். அது சரிவரவில்லை. ஒரு கண் தெளிவாகவும் மற்றது மங்கலாகவும் இருப்பவருக்கு அந்த ஆழம் தெரியாது, தலைதான் வலிக்கும். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடி அரைமணி தூங்கினார். இருக்கை அசையும் வகைப் படம் ஒன்றும் இருந்தது. கண் அசைவதாகச் சொல்ல, காது வேறொன்று சொல்ல, குமட்டல் வருவதற்கு அதுவே போதும் என்பதால் அதைத் தவிர்த்தார்கள்.

கோஸ்டர் பார்த்தது

பேத்தியும் மருமகளும் பெரிய கோஸ்டருக்குப் போனார்கள். பழைய திட்டமாக இருந்தால் பாட்டி இந்நேரம் பெஞ்சில். இந்த முறை மகன், பாட்டியையும் பேரனையும் அழைத்துக்கொண்டு முதல் சரிவு முடியும் இடத்துக்கு எதிரே, வேலியோரம் நிழல் உள்ள இடத்துக்குப் போனார். ஊழியரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட இடம். பேத்தி போகும் முன் சொல்லியிருந்தாள்: “பாட்டி, மூணாவது வரிசை, உங்க இடது பக்கம். பச்சைச் சட்டை. நான் ரெண்டு கையும் தூக்குவேன்.”

இந்தச் சின்ன விவரம் இல்லாவிட்டால் கோஸ்டர் பார்ப்பது வெறும் சத்தம். எந்த வண்டியில் யார் என்று தெரியாமல் கண் தேடுவதற்குள் அது போய்விடும். பாட்டி பச்சைச் சட்டையைப் பார்த்துவிட்டார். “அதோ, அதோ!” என்று எழுந்து நின்றுவிட்டாராம். பக்கத்தில் நின்றிருந்த தெரியாத குடும்பத்திடம் “என் பேத்தி” என்று சொன்னார். பேத்தி அடுத்து இன்னொரு முறை போனாள், பாட்டி கேட்டதால். இரண்டாவது முறை கைபேசியில் வீடியோ எடுக்கும் வேலையைப் பாட்டி வாங்கிக்கொண்டார். வீடியோவில் பாதி வானம். குரல் மட்டும் தெளிவாக இருக்கிறது.

சவாரி செய்யாதவரை ‘பார்வையாளர்’ என்று தள்ளிவிடாமல் அவர் எங்கே உட்கார்ந்தால் தெரியும், யாரைப் பார்க்க வேண்டும் என்று ஏற்பாடு செய்வது, அவரை ஏற்றிவிடுவதைவிடப் பெரிய உதவி என்று எனக்குத் தோன்றுகிறது. இதற்குச் செலவும் இல்லை.

மாலை

நான்கரை மணி அளவில் பாட்டி தானாக வீல்சேரில் உட்கார்ந்தார். யாரும் சொல்லவில்லை. “கொஞ்ச நேரம் தள்ளு” என்று மகனிடம் சொன்னார். காலையில் அவர் தள்ளிய வண்டி என்பதால் அதில் உட்காருவது இப்போது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை போலிருக்கிறது. முட்டி லேசாக வீங்கியிருந்தது.

மகன் அப்போதே கிளம்பலாம் என்றார். பாட்டி ஒத்துக்கொள்ளவில்லை. பெரிய ராட்டினம் இருட்டிய பிறகு என்று சொல்லியிருந்தாரே. கிளம்பும் நேரத்தைப் பற்றி முன்கூட்டியே பேசியிருந்தது இங்கே உதவியது: பாட்டி களைத்தால் மகன் அவரோடு முதலில் கிளம்புவது, மருமகள் குழந்தைகளோடு பிறகு வருவது. யாருக்காகவும் யாரும் நாளை முடிக்க வேண்டியதில்லை என்பது தெரிந்திருந்ததால், பாட்டியால் ‘இருக்கலாம்’ என்று தைரியமாகச் சொல்ல முடிந்தது.

ராட்டினம் சுற்றும் சவாரிதானே, காலையில் நடந்தது மறுபடி நடக்காதா என்று மருமகள் எனக்குப் போன் செய்து கேட்டார். நியாயமான கேள்வி. குடை ராட்டினத்தில் ஆளோடு தலையும் திரும்புகிறது. பெரிய ராட்டினத்தில் பெட்டி எப்போதும் நிமிர்ந்தே தொங்குகிறது. தலை ஒரே திசையைப் பார்த்தபடி மெதுவாக மேலே போய்க் கீழே வருகிறது. காதின் குழாய்களுக்கு அங்கே வேலை குறைவு. 1893-இல் சிகாகோ கண்காட்சியில் ஜார்ஜ் ஃபெரிஸ் நிறுத்திய முதல் பெரிய ராட்டினமே 264 அடி உயரம், 36 பெட்டிகள். சிலிர்ப்பை விட ஊரை உயரத்திலிருந்து பார்ப்பதற்கென்று மக்கள் ஏறியது அது. உயரம் பயமில்லை என்றால், மூடிய பெட்டி என்றால், ஏற்றும்போது நிறுத்தச் சம்மதித்தால் போகலாம் என்றேன். மூன்றும் சரியாக இருந்தன. இறங்கியதும் உடனே நடக்காமல் கம்பியைப் பிடித்தபடி கொஞ்சம் நிற்கச் சொல்லியிருந்தேன், நின்றார். தலைசுற்றல் வரவில்லை.

பின்விளைவு

மறுநாள் வலது முட்டியில் வீக்கம், ஐஸ் ஒத்தடத்துக்கு அடங்கியது. அன்று முழுக்கத் தூக்கம். மூன்றாம் நாள் வழக்கம்போல நடந்தார். ரத்த அழுத்தம் அந்த வாரம் முழுவதும் நிலையாக இருந்தது.

அடுத்த முறை பயிற்சிக்கு வந்தபோது பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னார். படுக்கையில் வலது பக்கம் புரண்டால் சில நொடி அறை சுற்றும், சில மாதமாகவே உண்டு, வயசானா வரும்னு விட்டுட்டேன் என்றார். பரிசோதித்ததில் காதுக்குள் இருக்கும் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் இடம்மாறிக் குழாய்க்குள் போனதால் வரும் தலைசுற்றல் என்று தெரிந்தது. வயதானவர்களிடம் சாதாரணமாகக் காணப்படுவது இது. தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பிச் செய்யும் எப்ளி முறையிலேயே பெரும்பாலும் சரியாகிவிடும். இவருக்கும் சரியானது. குடை ராட்டினத்தில் வந்த தடுமாற்றத்தில் இதற்கும் பங்கு இருந்திருக்கலாம்.

வீட்டில் ஒரு மாற்றத்தை மருமகள் கவனித்திருக்கிறார். பள்ளி விழா, உறவினர் வீடு என்று எங்கே கிளம்பினாலும் ‘நீங்க போயிட்டு வாங்க’ என்பதற்கு முன் பாட்டி இப்போது “எவ்வளவு நேரம் நிக்கணும்?” என்று கேட்கிறாராம். பதிலைக் கேட்டுவிட்டு முடிவு செய்கிறார்.

அடுத்த முறை மாற்றுவது

பயணத்துக்கு முன் கேட்கும் கேள்விகளில், படுத்துப் புரளும்போதோ அண்ணாந்து பார்க்கும்போதோ தலை சுற்றுமா என்பதை இனி முதலில் வைப்பேன். “தலைசுற்றல் உண்டா?” என்று பொதுவாகக் கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள், இவரும் அப்படித்தான் சொல்லியிருந்தார்.

ரயிலோ மெதுவாகச் சுற்றிக் காட்டும் வேறொன்றோ இருந்தால், நாளின் முதல் காரியம் அதுவாக இருக்க வேண்டும். தேர்வு அதற்குப் பிறகு. வீட்டில் வீடியோ பார்ப்பது பயத்தைக் குறைத்தது உண்மைதான், ஆனால் வீடியோவில் உயரமும் வேகமும் சரியாகப் புரிவதில்லை. பேத்தியின் கட்டத்தில் ‘நின்ற பிறகு என்ன ஆகும்’ என்ற கேள்வியும் சேரும்.

போன்களை லாக்கரில் வைக்கும் சவாரி என்றால் வெளியே இருப்பவரிடம் திரும்பும் நேரத்தைக் கடிகாரத்தைக் காட்டிச் சொல்ல வேண்டும், அதோடு ‘தாமதமானால் பயப்பட வேண்டாம், அந்த வாசலில்தான் வருவோம்’ என்று வாசலைக் கைகாட்ட வேண்டும். ‘பத்து நிமிஷம்’ என்பது யாருக்கும் பத்து நிமிஷமாக இருப்பதில்லை.

முழு நாளுக்குப் பதில் இரண்டு அரைநாள் போகலாம் என்று நான் சொன்னதைக் குடும்பம் யோசிக்கிறது. பாட்டிக்கு அதில் விருப்பமில்லை. இருட்டிய பிறகு விளக்குகளைப் பார்க்காமல் திரும்புவது எப்படி என்கிறார். பிற்பகலில் போய் இரவில் திரும்புவது என்று ஒரு சமரசம் பேச்சில் இருக்கிறது.

ஒன்று இன்னும் முடிவாகவில்லை. குழந்தைகளுக்கான சின்னக் கோஸ்டர் ஒன்றில் ஏறலாமா என்று பாட்டி கேட்டிருக்கிறார். வலது கண் அறுவை முடியட்டும், அழுத்த மாத்திரையின் அளவு ஒரு நிலைக்கு வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அறுவைக்குத் தேதி வாங்கியாயிற்று. இந்த முறை தேதியைக் கேட்டு அவசரப்படுத்தியது பாட்டிதான்.